ஆடி மாசத்தில் ஒரு கல்யாணம்

கட்டமும் கணக்கும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாசம் பிரித்த கடிதங்களில் முக்கால்வாசி தேதியைப் பற்றியே இருந்தன. கோயில் கணக்கு எழுதுகிறவர், மில்லில் லோடு எழுதுகிற பெண், பாட்டையாவின் ரங்கூன் பேரேட்டைக் கணினியில் ஏற்றுகிற பேரன் என்று ஆள்தான் வேறு, தொல்லை ஒன்றுதான். காரைக்குடியில் இருபத்து இரண்டு வருஷமாகக் கணக்கும் கணினியும் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்துப் போன பிள்ளைகள் திரும்பி வந்து கேட்கும் முதல் சந்தேகமும் இதுதான். அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இந்த முறை தேதிக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: டீச்சர், எங்கள் நகரத்தார் கோயிலின் புள்ளிக் கணக்கை (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி) எக்செலில் ஏற்றும் பொறுப்பை எடுத்திருக்கிறேன். கல்யாணத் தேதியைப் பார்த்துத்தான் புதுப் புள்ளி சேர்க்கிறோம். நானூறு பேர் வரை அடித்து முடித்து, தேதி வாரியாக அடுக்கினால் கொஞ்சம் தேதி ஒழுங்காக மேலே வருகிறது, மீதியெல்லாம் கீழே போய்த் தனியாக ஒட்டிக்கொள்கிறது. அது போக, 2023 ஜூன் 8-ஆம் தேதி நடந்த என் தம்பி மகன் கல்யாணம் ஆகஸ்டு 6 என்று நிற்கிறது. நான் அடித்தது 08/06/2023. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எங்கே தப்பு நடந்தது? - வாசகர், தேவகோட்டை

பதில்: ஐயா, நீங்கள் அடித்ததில் தப்பே இல்லை. உங்கள் கணினி அமெரிக்காக்காரர் எழுதுகிற மாதிரி தேதியைப் படிக்கிறது. அவர்களுக்கு முதலில் மாசம், அப்புறம் நாள். 08/06 என்றால் எட்டாவது மாசம் ஆறாம் நாள் என்று எடுத்துக்கொண்டது. புதுக் கணினி வாங்கும்போது பல சமயம் இந்த ஏற்பாட்டோடுதான் வரும், யாரும் மாற்றுவதில்லை.

ஏன் பாதி மேலே, பாதி கீழே? 25/06/2023 என்று ஒரு கல்யாணம் அடித்திருப்பீர்கள். இருபத்தைந்தாவது மாசம் என்று ஒன்று கிடையாது. அதனால் எக்செல் அதைத் தேதியாகவே எடுத்துக்கொள்ளாமல் வெறும் எழுத்தாக விட்டுவிட்டது. தேதியாக ஏறியது கட்டத்தின் வலது ஓரத்தில் நிற்கும், எழுத்தாக நின்றது இடது ஓரத்தில் நிற்கும். அடுக்கும்போது எண் முதலில் வரும், எழுத்து பின்னால் வரும். அதுதான் கீழே ஒட்டிக்கொண்ட கூட்டம்.

எக்செலுக்குத் தேதி என்பது ஓர் எண் மட்டுமே. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து, அன்றிலிருந்து நாளை எண்ணிக்கொண்டே வருகிறது. 1947 ஆகஸ்டு 15 அதற்கு 17394. உங்கள் தம்பி மகன் கல்யாண நாள் 45085. கட்டத்தைத் தேர்ந்து, 'ஹோம்' மெனுவில் தேதி என்று காட்டும் இடத்தை 'ஜெனரல்' என்று மாற்றிப் பாருங்கள். 45085 என்று வந்தால் சரி. உங்களுக்கு 45144 என்று வரும், அது ஆகஸ்டு 6. இடது ஓரத்துக் கட்டங்களோ 25/06/2023 என்று அப்படியே நிற்கும்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். கீழே போய் ஒட்டிக்கொண்ட தேதிகளைப் பார்த்துத்தான் நீங்கள் பதறிப்போய் எழுதியிருக்கிறீர்கள். அவை ஒன்றும் செய்யாது. 'என்னைப் பார், நான் ஏறவில்லை' என்று இடது ஓரத்தில் நின்று சொல்கின்றன. பயப்பட வேண்டியது மேலே ஒழுங்காக அடுக்கி நிற்கும் தேதிகளுக்குத்தான். ஒன்று முதல் பன்னிரண்டாம் தேதிக்குள் நடந்த கல்யாணம் எல்லாம் சத்தமில்லாமல் நாளும் மாசமும் மாறி உட்கார்ந்திருக்கும். தப்பியது 6-6, 9-9 மாதிரி நாளும் மாசமும் ஒன்றாக இருப்பவை மட்டும்.

சரி, எப்படித் திருத்துவது? முதலில் கோப்பை வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் அடுத்த வரிக்குப் போகாதீர்கள். அப்புறம் 'கன்ட்ரோல் பேனல்' போய் 'ரீஜன்' என்பதில் 'இங்கிலீஷ் (இந்தியா)' என்று மாற்றுங்கள். இது இனிமேல் அடிக்கப் போகிற தேதிக்கு மட்டும்தான் மருந்து. ஏற்கெனவே மாறி ஏறிய 45144 அப்படியே இருக்கும், காட்டுகிற விதம்தான் மாறும். பலர் இந்த இடத்திலேயே வேலை முடிந்தது என்று நினைத்துக் கோப்பை மூடிவிடுகிறார்கள்.

இப்போது தேதிப் பத்தியை ஏறுவரிசையில் அடுக்குங்கள். அடுக்கும்போது பெயர், ஊர் எல்லாம் சேர்ந்து நகர்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மேலே எண் கூட்டம், கீழே எழுத்துக் கூட்டம் என்று இரண்டாகப் பிரிந்துவிடும். கீழ்க் கூட்டத்தை மட்டும் தேர்ந்து, 'டேட்டா' மெனுவில் 'டெக்ஸ்ட் டு காலம்ஸ்' கொடுங்கள். இரண்டு முறை 'நெக்ஸ்ட்'. மூன்றாவது பக்கத்தில் 'டேட்' என்பதைக் குத்தி, பக்கத்தில் 'டிஎம்ஒய்' என்று தேர்ந்து 'ஃபினிஷ்'. நாள், மாசம், வருஷம் என்ற வரிசையில் இருக்கிறது என்று நாம் அதற்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அவ்வளவு பேரும் வலது ஓரத்துக்கு வந்துவிடுவார்கள்.

மேல் கூட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு காலிப் பத்தி எடுத்துக்கொள்ளுங்கள். தேதி பி2 கட்டத்தில் இருந்தால் =டேட்(இயர்(பி2),டே(பி2),மந்த்(பி2)) என்று ஆங்கில எழுத்தில் அடியுங்கள். 'டேட்' ஃபார்முலா இரண்டாவது இடத்தில் மாசத்தைக் கேட்கும். நாம் வேண்டுமென்றே அங்கே நாளைக் கொடுத்து, மூன்றாவது இடத்தில் மாசத்தைக் கொடுக்கிறோம். தலைகீழாக நின்றது நிமிர்ந்துவிடும். கீழே வரை இழுத்துவிட்டு, காப்பி எடுத்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் பழைய தேதிகளின் மேலேயே 'வேல்யூஸ்' என்று ஒட்டினால் முடிந்தது.

ஆனால் ஒரு கேள்விக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நானூறையும் ஒரே கணினியில் அடித்தீர்களா? இடையில் மகன் மடிக்கணினியிலோ வேறு யார் வீட்டிலோ கொஞ்சம் அடித்திருந்தால், அங்கே இந்திய ஏற்பாடு இருந்திருக்கலாம். அப்படியானால் சில தேதிகள் முதலிலேயே சரியாக இருக்கும், அவற்றையும் திருப்பினால் புதிதாகக் கெடும். அதைக் கண்டுபிடிக்க எந்த ஃபார்முலாவும் கிடையாது. காகிதத்தோடு ஒத்துப் பார்க்க வேண்டியதுதான்.

ஒத்துப் பார்ப்பதற்கு முன்னால் நம் ஊர் வழக்கமே ஒரு சல்லடை கொடுக்கிறது. ஆடியில், புரட்டாசியில், மார்கழியில் நம் பக்கம் பெரும்பாலும் கல்யாணம் வைப்பதில்லை அல்லவா? உங்கள் தம்பி மகன் கல்யாணத்தைப் பாருங்கள். ஜூன் 8 வைகாசி, ஆகஸ்டு 6 ஆடி. ஆடியில் ஒரு கல்யாணம் என்றதும் உங்களுக்கே உறுத்தியிருக்கும். அதையே கணக்காகப் போட்டுப் பார்த்தேன். எந்த மாசத்திலானாலும் 8-ஆம் தேதி நடந்த கல்யாணம் திருப்பிப் படித்தால் ஆகஸ்டு 1-க்கும் 12-க்கும் நடுவில் விழும், அது முழுக்க ஆடி. 10-ஆம் தேதிக் கல்யாணம் அக்டோபர் 1-க்கும் 12-க்கும் நடுவில் விழும், முழுக்கப் புரட்டாசி. 1-ஆம் தேதிக் கல்யாணம் ஜனவரி முதல் பன்னிரண்டு நாளில் விழும், முழுக்க மார்கழி. தேதிப் பத்தியில் ஃபில்டர் போட்டு ஜனவரி, ஆகஸ்டு, அக்டோபர் மூன்றையும் மட்டும் பாருங்கள். அந்த நாட்களில் கல்யாணம் கூட்டமாக நின்றால் அடித்த கணினி அமெரிக்கக் கணினி. ஒன்றும் இல்லையென்றால் அந்தப் பகுதி சரியாக ஏறியிருக்கிறது. 2, 3, 4-ஆம் தேதிகளில் நடந்ததை இந்தச் சல்லடை பிடிக்காது, ஆனால் எந்தக் கட்டு யார் அடித்தது என்று பிரிக்க இது போதும்.

இன்னொரு சோதனை என் அப்பா சொல்லிக்கொடுத்தது. அவர் புதுவயலில் ஓர் அரிசி மில்லில் கணக்குப்பிள்ளை. நாள்வழியில் தேதி எழுதினால் பக்கத்தில் கிழமையை எழுதாமல் விடமாட்டார். 'தேதி தப்பினால் கிழமை காட்டிக்கொடுக்கும்' என்பார். எக்செலிலும் அதைச் செய்யலாம். கன்ட்ரோலும் 1-ம் சேர்த்து அழுத்தி, 'கஸ்டம்' என்ற இடத்தில் டிடி-எம்எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய் என்று அடித்து, ஓர் இடம் விட்டு மூன்று டி சேருங்கள். 08-ஜூன்-2023 வியாழன் என்று ஆங்கிலத்தில் காட்டும். மாறி ஏறியிருந்தால் ஞாயிறு என்று காட்டியிருக்கும். கல்யாணப் பத்திரிகையில் கிழமை இருக்கிறதே, ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மாசத்தை எழுத்தில் காட்டுவதே பாதிப் பாதுகாப்பு. தமிழில் வேண்டுமானால் அதே பெட்டியில் 'டேட்' பகுதியில் 'லொக்கேல்' என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தால் ஜூன், ஆகஸ்டு எல்லாம் தமிழ் எழுத்தில் வரும். கோயிலில் ஒட்டும் பட்டியலுக்கு அது அழகாக இருக்கும்.

இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண்டனூரில் இருந்த என் பெரியம்மாவின் வைப்புத்தொகை ரசீதுகளை எல்லாம் ஒரு தடவை பட்டியல் போட்டுக் கொடுத்தேன். ஒரு ரசீதில் முதிர்வு 05/11 என்று இருந்தது, நவம்பர் 5. அன்று நான் உட்கார்ந்த கணினி அதை மே 11 என்று எடுத்துக்கொண்டது. அச்சடித்த தாளில் '11-மே' என்றே வந்தது, நான் ரசீதோடு ஒத்துப் பார்க்கவில்லை. எழுபத்து நாலு வயதில், அக்கினி நட்சத்திர வெயிலில், பெரியம்மா பஸ் ஏறி வந்து கவுன்ட்டரில் நின்றார். கண் ஆபரேஷனுக்கு அந்தப் பணத்தைத்தான் நம்பியிருந்தார். இன்னும் ஆறு மாசம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. 'தாளில் போட்டிருந்ததே ஆத்தா' என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து என் கையால் அடிக்கிற எந்தத் தேதியிலும் மாசம் எண்ணில் இருக்காது. 8-ஜூன்-2023 என்று மாசத்தை ஆங்கில எழுத்தில் அடித்தால் எந்தக் கணினியும் நாளையும் மாசத்தையும் மாற்றிப் படிக்காது. ஐயா, நீங்களும் அப்படியே அடியுங்கள்.

கேள்வி: நான் பள்ளிக்கூடத்தில் எழுதிய பழக்கத்தில் 14.4.2025 என்று புள்ளி வைத்தே அடிக்கிறேன். இரண்டு தேதிக்கு நடுவில் எத்தனை நாள் என்று கழித்தால் பிழை என்று வருகிறது. - வாசகி, பள்ளத்தூர்

பதில்: புள்ளி வைத்து எழுதுவது நம் கைக்கு வந்த வழக்கம், அதில் குற்றம் இல்லை. ஆனால் இந்திய ஏற்பாட்டில் இருக்கிற எக்செல் கோட்டையும் சாய்கோட்டையும்தான் தேதி என்று எடுத்துக்கொள்ளும், புள்ளியை எடுத்துக்கொள்ளாது. எழுத்தை எழுத்திலிருந்து கழிக்கச் சொன்னால் என்ன செய்யும்? தேதிப் பத்தியை மட்டும் தேர்ந்து, கன்ட்ரோலும் எச்-ம் அழுத்தி, மேலே புள்ளி, கீழே கோடு கொடுத்து 'ரீப்ளேஸ் ஆல்' செய்யுங்கள். பத்தியை மட்டும் என்று சொன்னதை விட்டுவிடாதீர்கள். மொத்த ஷீட்டுக்கும் கொடுத்தால் ரூபாய்ப் பத்தியில் உள்ள 1250.75-உம் 1250-75 ஆகிவிடும். அப்படி ஆகிவிட்டால் கன்ட்ரோல் இசட், வேறொன்றையும் தொடாதீர்கள்.

கேள்வி: டீச்சர், நான் அரிசி மில்லில் லோடு எழுதுகிறேன். தேதிக் கட்டத்தில் 'டுடே' ஃபார்முலா போட்டேன். தினமும் அடிக்க வேண்டாம், தானே வருகிறது என்று சந்தோஷமாக இருந்தது. இப்போது போன மாச லோடு எல்லாம் இன்றைய தேதியில் இருக்கிறது. பழைய தேதியை எடுக்க முடியுமா? முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை. - வாசகி, புதுவயல்

பதில்: முதலில் முதலாளியிடம் சொல்லிவிடு, அம்மா. நாளைக்குள் சொல்லிவிடு. நீ ஒன்றும் திருடவில்லை, ஒரு ஃபார்முலா எப்படி வேலை செய்கிறது என்று யாரும் உனக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

'டுடே' என்பது சுவரில் தொங்குகிற நாள்காட்டி மாதிரி. தினமும் தாள் கிழிந்துகொண்டே இருக்கும், நேற்று என்ன காட்டியது என்று அதற்கு நினைவில்லை. அதனால் ஷீட்டுக்குள் பழைய தேதி எங்கேயும் ஒளிந்திருக்கவில்லை. எடை மேடைச் சீட்டில் தேதி இருக்கும், லாரி பில்லில் இருக்கும், வாயிற்காவலர் நோட்டில் வண்டி நம்பரோடு இருக்கும். லோடு நம்பரை வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அடி. ஒரு மாசக் கணக்கு என்றால் ஒரு நாள் வேலைதான்.

இனிமேல் லோடு எழுதும்போது கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு அரைப்புள்ளிச் சாவியைத் தட்டு. அன்றைய தேதி ஃபார்முலாவாக இல்லாமல் தேதியாகவே விழும், மறுநாள் மாறாது. 'டுடே' போட வேண்டிய இடம் வேறு: பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது, இருப்பு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று தினமும் மாற வேண்டிய கணக்குக்குத்தான் அது.

கேள்வி: எங்கள் பட்டறையில் பூக்கல் (தரையில் பதிக்கும் பூப்போட்ட கல்) வாங்கியவர்கள் முகவரியைப் பட்டியல் போடுகிறோம். கதவு எண் 3/12 என்று அடித்தால் டிசம்பர் 3 ஆகிறது. எழுத்து என்று மாற்றினால் 45994 என்று ஒரு எண் வருகிறது. 3/45 என்று அடித்தால் மார்ச் 45 என்கிறது! - வாசகர், ஆத்தங்குடி

பதில்: தேதி என்பது உள்ளே எண்தான் என்று மேலே தேவகோட்டை வாசகருக்குச் சொன்னேனே, அந்த எண்தான் உங்களுக்கு வெளியே வந்து நிற்கிறது. 2025 டிசம்பர் 3 என்று எடுத்துக்கொண்டு 45994 என்று வைத்திருக்கிறது. 3/45-ஐ 1945 மார்ச் என்று நினைத்துவிட்டது.

அடிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பத்தி முழுவதையும் தேர்ந்து 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றிப் பயனில்லை. ஒன்றிரண்டு கட்டம் மட்டும் என்றால் முன்னால் ஒரு ஒற்றை மேற்கோள் குறி போட்டு அடித்தால் போதும். ஏற்கெனவே மாறிப்போனதில் 3/12 மாதிரி உள்ளவற்றை 'டெக்ஸ்ட்' ஃபார்முலாவில் டி/எம் என்று கொடுத்து மீட்கலாம், ஆனால் 3/45 மாதிரி உள்ளவற்றையும் கலந்து வைத்துக்கொண்டு அதைச் செய்யாதீர்கள். பில் புத்தகத்தைப் பார்த்து அடிப்பதே நல்லது.

இந்தத் தொல்லை முகவரி எழுதுகிறவர்களுக்கு மட்டுமில்லை. மனித மரபணுக்களில் சிலவற்றின் சுருக்கப் பெயர் மார்ச் 1, செப்ட் 1 என்று இருந்தது. விஞ்ஞானிகள் எக்செலில் அடிக்க அடிக்க அவை தேதியாக மாறி, ஆராய்ச்சிப் பட்டியல்களே கெட்டன. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழு அந்தப் பெயர்களையே மாற்றிவிட்டது. 2023-இல் மைக்ரோசாஃப்டும் எழுத்தும் எண்ணும் ஒட்டி வந்தால் தேதியாக மாற்றாதே என்று சொல்ல ஒரு வசதி கொடுத்தது. உங்கள் சாய்கோட்டுக்கு அது உதவாது, அதனால் பத்தியை 'டெக்ஸ்ட்' ஆக்குவதுதான் வழி.

கேள்வி: சாந்திக்கு (அறுபது, எண்பது வயது நிறைவுக் கல்யாணம்) அழைக்க வேண்டிய பெரியவர்கள் வயதைக் கணக்குப் போடுகிறேன். 12-5-29 பிறந்த அப்பத்தாவுக்கு வயது வராமல் பிழை காட்டுகிறது. 30-இல் பிறந்தவருக்குச் சரியாக வருகிறது. - வாசகி, காரைக்குடி

பதில்: வருஷத்தை இரண்டு இலக்கத்தில் கொடுத்தால் 00 முதல் 29 வரை 2000-ஐச் சேர்ந்தது, 30 முதல் 99 வரை 1900-ஐச் சேர்ந்தது என்று உங்கள் கணினியில் உள்ள எக்செல் எடுத்துக்கொள்கிறது. உங்கள் அப்பத்தா 2029-இல் பிறக்கப் போகிறவர் என்று நினைத்துக்கொண்டது. நான்கு இலக்கமும் அடியுங்கள், 1929. பெரியவர்கள் பட்டியலில் இரண்டு இலக்கமே கூடாது.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன் தன் பழைய மேக் கணினியிலிருந்து வீட்டுச் செலவுக் கணக்கை அனுப்பினான். என் கோப்பில் ஒட்டினால் எல்லாத் தேதியும் நான்கு வருஷமும் ஒரு நாளும் பின்னால் போய்விட்டது. - வாசகர், கோட்டையூர்

பதில்: அந்தக் கோப்பு 1900-இலிருந்து எண்ணாமல் 1904-இலிருந்து எண்ணுகிறது, பழைய மேக்கில் அதுதான் வழக்கம். வித்தியாசம் சரியாக 1462 நாள். ஒரு காலிக் கட்டத்தில் 1462 என்று அடித்து, காப்பி எடுத்து, தேதிகளைத் தேர்ந்து, 'பேஸ்ட் ஸ்பெஷல்' போய் 'ஆட்' கொடுங்கள். தேதி எண்ணாகத் தெரிந்தால் மறுபடி தேதி வடிவத்துக்கு மாற்றினால் போதும்.

கேள்வி: டீச்சர், எங்கள் வளவு வீட்டுப் பெட்டகத்தில் பாட்டையாவின் ரங்கூன் கடைப் பேரேடுகள் இருக்கின்றன. கரையான் அரிக்கும் முன் எல்லாவற்றையும் எக்செலில் ஏற்ற நினைக்கிறேன். பாட்டையா பிறந்தது 1893. அந்தத் தேதியை என்ன செய்தாலும் எக்செல் ஏற்கவில்லை. இன்னொரு ஏட்டில் 'விக்கிரம ௵ ஆவணி ௴ 12 ௳' என்று இருக்கிறது. இதை எப்படி ஏற்றுவது? - வாசகர், கானாடுகாத்தான்

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை நான் மூன்று முறை படித்தேன். இந்த வேலையை எடுத்ததற்கே உங்களை வாழ்த்த வேண்டும்.

1893 ஏறாததற்குக் காரணம் எளிது. எக்செலின் எண்ணிக்கை 1900 ஜனவரி 1-இல் ஆரம்பிக்கிறது, அதற்கு முன்னால் அதற்கு உலகமே இல்லை. 1900-ஐயும் முழுசாக நம்ப முடியாது. அந்த வருஷத்தில் பிப்ரவரி 29 கிடையாது. நூறால் வகுபடும் வருஷம் நானூறாலும் வகுபட்டால்தான் மிகுநாள் வரும். ஆனால் லோட்டஸ் 1-2-3 என்ற பழைய மென்பொருள் 1900-க்கும் பிப்ரவரி 29 கொடுத்துவிட்டது. அதோடு ஒத்துப்போக வேண்டும் என்று எக்செலும் அதையே வைத்துக்கொண்டது. அதனால் 1900 மார்ச் 1-க்கு முன்னால் எக்செல் சொல்லும் கிழமை ஒரு நாள் தள்ளியிருக்கும். என் அப்பாவின் கிழமைச் சோதனையை அங்கே செய்யாதீர்கள்.

உங்களுக்கு நான் சொல்வது லிப்ரே ஆஃபீஸ் கால்க். இலவசம். 1893 என்ன, அதற்கு முன்னால் உள்ள தேதியையும் ஒழுங்காக எடுத்துக்கொள்ளும், கிழமையும் சொல்லும். அதன் சொந்த வடிவமான ஓடிஎஸ்ஸில் சேமியுங்கள். எக்செல் வடிவத்தில் சேமித்து எக்செலில் திறந்தால் பழைய தொல்லை திரும்ப வரும். எக்செலில்தான் செய்தாக வேண்டும் என்றால் ஒரு வழி உண்டு. நம் நாள்காட்டி 400 வருஷத்துக்கு ஒரு முறை கிழமை உட்பட அப்படியே திரும்பி வரும், 146097 நாள், ஏழால் மிச்சமில்லாமல் வகுபடும். எல்லா வருஷத்தோடும் 400 கூட்டி, 1893-ஐ 2293 என்றும் 1940-ஐ 2340 என்றும் தனிப் பத்தியில் வைத்தால் வயது, வட்டி நாள், கிழமை எல்லாம் சரியாக வரும். கூட்டியிருக்கிறது என்று அந்தப் பத்தியின் தலையிலேயே எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின்னால் திறக்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

விக்கிரம வருஷம் வேறு விஷயம். ௵ வருஷம், ௴ மாசம், ௳ நாள் என்று குறி உங்களுக்கே தெரிந்திருக்கும். அறுபது வருஷச் சுற்றில் விக்கிரம பதினான்காவது. 1880-இலும் வந்தது, 1940-இலும் வந்தது, 2000-இலும் வந்தது. ஏட்டைப் பார்த்தால்தான் எது என்று தெரியும். ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டியிருந்தால் தலையைப் பாருங்கள். விக்டோரியா ராணி என்றால் 1880, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1940. பாட்டையா பிறந்தது 1893 என்பதால் அவர் கையெழுத்து என்று உறுதியாகத் தெரிந்தால் அதுவே போதும். ஆனால் அவருக்கு முந்தினவர் ஏடும் அதே பெட்டகத்தில் இருக்கலாமே. 1941 டிசம்பரில் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்த பிறகு கடையைப் போட்டுவிட்டு நம்மவர்கள் பலர் நடந்தே ஊர் திரும்பினார்கள். உங்கள் ஏடு 1940 என்றால் அந்தக் கடையின் கடைசி ஏடுகளில் ஒன்று அது.

ஆவணி 12 ஆகஸ்டு கடைசி வாரத்தில் வரும். எந்த நாள் என்பதை அந்த வருஷத்துப் பஞ்சாங்கத்தைப் பார்த்துத்தான் போட வேண்டும், குத்துமதிப்பாகப் போடாதீர்கள். ஏட்டில் கிழமை எழுதியிருந்தால் இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

பத்தி பிரிப்பதை இப்படிச் செய்யுங்கள். முதல் பத்தி 'டெக்ஸ்ட்' ஆக இருக்கட்டும். ஏட்டில் என்ன எழுதியிருக்கிறதோ, விக்கிரம ௵ என்றே, குறி உட்பட அதில் அடியுங்கள். அடுத்த மூன்று பத்தியில் தமிழ் வருஷம், மாசம், நாள். அதற்கப்புறம் ஆங்கிலத் தேதி, தெரிந்தால் மட்டும். தெரியாவிட்டால் காலியாக விடுங்கள், ஜனவரி 1 என்று இட்டு நிரப்பாதீர்கள். கடைசிப் பத்தியில் எந்தப் பேரேடு, எத்தனையாவது ஏடு, அந்தப் பக்கத்தைப் புகைப்படம் எடுத்த கோப்பின் பெயர்.